முதல் படத்துக்கும் இரண்டாவது படத்துக்கும் நடுவே: மெக்சிகோ நாட்குறிப்பு

நாள் 1 – மெக்சிகோ சிட்டி

பெட்டியைத் தூக்கிக்கொண்டு இரண்டு மாடி ஏறியதற்கே மூச்சு வாங்குகிறது. இந்த நகரம் கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் ஊட்டியின் உயரம்தான். ஆனால் ஊட்டியில் இத்தனை பெரிய நகரத்தை யாரும் கட்டி வைக்கவில்லை. அறையின் ஜன்னலைத் திறந்தால் விளக்குகள் மலைச்சரிவு வரைக்கும் போகின்றன.

எதற்காக வந்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டு ஆண்டுகளாக எங்கள் ஊரில் நண்பர்கள் சிலர் சேர்ந்து மாதம் ஒருமுறை குறும்படங்கள் திரையிடுகிறோம். முதல் படத்தை எடுத்துக்கொண்டு கண்கள் பளபளக்க வந்து நின்ற இளைஞர்களின் பெயர்களையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். போன ஆண்டு அந்த நோட்டைப் புரட்டியபோது மனம் கனத்துப்போனது. பாதிக்கு மேற்பட்டவர்கள் இரண்டாவது படம் எடுக்கவே இல்லை. திறமை இல்லாததால் நின்றுபோனவர்கள் என்று அவர்களைச் சொல்ல என்னால் முடியாது. முதல் படத்துக்கும் இரண்டாவது படத்துக்கும் நடுவே ஒரு வெட்டவெளி இருக்கிறது. அதைக் கடக்கத் துணை இல்லாமல்தான் பலர் திரும்பிவிடுகிறார்கள்.

மெக்சிகோவில் திரைப்படப் பள்ளியும் திரைப்படக் காப்பகமும் குறும்படத்தில் வேரூன்றிய விழாவும் இருக்கின்றன. அங்கே தொடங்கும் ஓர் இளம் இயக்குநர் அந்த வெட்டவெளியை எப்படிக் கடக்கிறார் என்று பார்க்க வேண்டும். அதற்காகத்தான் எட்டு நாள்.

இரவில் மெட்ரோவில் சிறிது தூரம் போய் வந்தேன். டிக்கெட் 5 பேசோ. ஆரஞ்சு நிற ரயில் ரப்பர் டயரில் ஓடுகிறது. ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு சித்திரச் சின்னம் உண்டு. எழுத்துப் படிக்கத் தெரியாதவரும் இறங்க வேண்டிய இடத்தைக் கண்டுகொள்வார். நடைமேடையில் நெரிசலில் நின்றபோது கார்லோஸ் கரேராவின் 'எல் எரோயே' நினைவுக்கு வந்தது. 'நாயகன்' என்று பொருள். ஐந்து நிமிட அனிமேஷன் படம். இப்படிப்பட்ட ஒரு நடைமேடையில், தண்டவாளத்தை நோக்கிப் போகும் ஒரு பெண்ணைக் காப்பாற்ற ஒருவன் முயல்கிறான். அந்த முயற்சி எப்படி முடிகிறது என்பதைச் சொல்ல மாட்டேன், பாருங்கள். 1994இல் பிரான்சின் கான் திரைப்பட விழாவில் குறும்படத்துக்கான தங்கப் பனை விருது பெற்ற படம் அது.

எனக்கு முக்கியமாகப்படும் செய்தி வேறொன்று. கரேரா தன் முதல் முழுநீளப் படத்தை 1991லேயே எடுத்துவிட்டவர். அதன் பிறகுதான் திரும்பி வந்து இந்த ஐந்து நிமிடப் படத்தைச் செய்தார். குறும்படத்தை முகவரி அட்டைபோல நீட்டிவிட்டு மறந்துவிட வேண்டும் என்று நம்பும் இளைஞர்களிடம் இதைச் சொல்லாமல் விடமாட்டேன்.

நாள் 2 – சுருபுஸ்கோ

நீலக் கோட்டில் ஹெனரால் அனாயா நிலையத்தில் இறங்கி நடந்தேன். டிலால்பான் பெருஞ்சாலையும் ரியோ சுருபுஸ்கோ சாலையும் சந்திக்கும் மூலையில் தேசியக் கலை மையம் நிற்கிறது. ஊதாவும் செங்காவியும் அடித்த பெரிய சுவர்கள், நடுவே புல்வெளி. நாடகம், நடனம், இசை, ஓவியம் எல்லாவற்றுக்கும் இங்கே பள்ளிகள் இருக்கின்றன. திரைப்படப் பயிற்சி மையமும் இங்கேதான். அதை எல்லோரும் 'செ செ செ' என்று மூன்றெழுத்தில் அழைக்கிறார்கள். பக்கத்திலேயே 1945 முதல் இயங்கும் சுருபுஸ்கோ ஸ்டுடியோ.

பயிற்சி மையம் 1975இல் தொடங்கியது. லூயி புனுவல் அதன் கௌரவத் தலைவராக இருந்தார். ஸ்பெயினில் பிறந்து, மெக்சிகோவைத் தன் ஊராக்கிக்கொண்டு, இங்கேயே பல படங்களை எடுத்தவர் அவர். இளையவர்களின் பள்ளிக்கு அப்படி ஒரு மூத்தவர் பெயரைக் கொடுத்தது சரியான ஆசி.

இந்த மண்ணுக்கு இன்னொரு கதையும் உண்டு. மெக்சிகோவின் தேசியத் திரைப்படக் காப்பகமான சினெதேக்கா 1974இல் முதலில் திறக்கப்பட்டது இந்த மூலையில்தான். 1982 மார்ச் 24 அன்று அது தீப்பிடித்து எரிந்தது. பழைய நைட்ரேட் படச்சுருள் பற்றிக்கொண்டால் அணைப்பது மிகக் கடினம். ஆயிரக்கணக்கான படங்கள் சாம்பலாயின. உயிர்களும் போயின. இன்று அதே இடத்தில் கேமராப் பெட்டிகளைச் சுமந்துகொண்டு மாணவர்கள் புல்வெளியைக் குறுக்கே கடக்கிறார்கள். நானும் அவர்களைப் பார்த்தபடி நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

நான் இங்கே வரக் காரணமான இயக்குநர் எலிசா மில்லர். 1982இல், காப்பகம் எரிந்த அதே ஆண்டில், மெக்சிகோ சிட்டியில் பிறந்தவர். இந்தப் பயிற்சி மையத்தில் மாணவியாக இருந்தபோது 2006இல் அவர் செய்த குறும்படம் 'வேர் யோவெர்'. 'மழை பெய்வதைப் பார்த்தல்' என்று தமிழில் சொல்லலாம். ஏறக்குறைய 14 நிமிடம். சிறிய ஊரில் ஓர் இளைஞன். ஊரைவிட்டுப் போக முடிவெடுத்துவிட்ட ஒரு பெண். தாயோடு தங்குவதா, அவளோடு போவதா என்ற தவிப்பு. சொல்லப்போனால் கதை இவ்வளவுதான். 2007இல் கான் விழாவில் தங்கப் பனை அதற்குக் கிடைத்தது. அப்போது இயக்குநருக்கு இருபத்தைந்து வயதுகூட நிறைந்திருக்குமோ என்னவோ.

எங்கள் ஊரில் இந்தப் படத்தை மூன்று முறை திரையிட்டிருக்கிறோம். மூன்று முறையும் முடிந்ததும் யாரும் உடனே எழவில்லை. பள்ளிப் பயிற்சிப் படம் என்று சொன்னால் நம்ப மறுக்கிறார்கள். பள்ளி என்பது கேமராவை இரவல் தரும் இடம் மட்டும் என்றால் இப்படிப்பட்ட படம் பிறக்காது. உடன் படிப்பவர் ஒளிப்பதிவு செய்வார், இன்னொருவர் ஒலி பிடிப்பார், அடுத்த மாதம் அவர்கள் படத்தில் நீங்கள் மைக் பிடிப்பீர்கள். ஒருவர் படத்துக்கு இன்னொருவர் நாற்று நட்டுக் கொடுக்கும் முறை அது.

இந்தப் பள்ளியில் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு 'ஓபெரா பிரிமா', அதாவது முதல் படைப்பு. படிப்பை முடித்தவர்களில் தேர்ந்தெடுக்கப்படுபவருக்கு முதல் முழுநீளப் படத்தைப் பள்ளியே தயாரித்துக் கொடுக்கிறது. புஸி கோர்த்தேஸ் என்ற பெண் இயக்குநரின் படம்தான் அந்த வரிசையில் முதலாவது, 1988இல். நேற்று சொன்ன கரேராவின் 1991ஆம் ஆண்டுப் படமும் இந்த வழியில் வந்ததே. 'சான்றிதழ் வாங்கியாயிற்று, இனி உன் பாடு' என்று பிள்ளையைத் தெருவில் விடாத பள்ளி.

நாள் 3 – ஷோகோ

எரிந்துபோன காப்பகம் 1984இல் ஷோகோ பகுதியில் மீண்டும் எழுந்தது. 2012 புதுப்பிப்புக்குப் பிறகு இன்னும் விரிந்திருக்கிறது. வெள்ளைக் கூரை, பல அரங்குகள், திறந்தவெளித் திரை. மாலையில் புல்தரையில் காதலர்களும் பாட்டிகளும் குழந்தைகளும் படுத்துக்கொண்டு படம் பார்க்கிறார்கள். டிக்கெட் வாங்க வந்த ஒரு முதியவர் மூன்று அரங்குகளின் நேரத்தையும் மனப்பாடமாகச் சொன்னார்.

தொண்ணூறுகளில் இந்தச் சினெதேக்காவில்தான் 'மெக்சிகோ குறும்பட நாட்கள்' நடந்தன. அதை நடத்தியவர்களில் ஒருவர் டானியேலா மிச்செல். வெளியே யாரும் சீண்டாத குறும்படங்களுக்கு அரங்கும் பார்வையாளரும் தேடிக் கொடுத்த அந்த முயற்சிதான் வளர்ந்து, 2003இல் மொரேலியா சர்வதேசத் திரைப்பட விழாவாக மாறியது. உலகத்தில் எத்தனையோ விழாக்கள் பெரிய படங்களுக்காகத் தொடங்கி, ஓரமாக ஓர் அரங்கைக் குறும்படத்துக்கு ஒதுக்குகின்றன. மொரேலியாவின் வேரே குறும்படம்.

நாளை அங்கே.

நாள் 4 – பஸ்ஸில்

அப்சர்வதோரியோ பகுதியிலிருக்கும் மேற்குப் பஸ் நிலையத்திலிருந்து ஏறினேன். நாலு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். பைன் மரக் காடு, பிறகு ஏரி, பிறகு மக்காச்சோளக் கொல்லைகள். பெரும்பாலும் தூங்கினேன்.

மொரேலியாவை இரவில் பார்த்தேன். நகரம் முழுவதும் இளஞ்சிவப்புக் கல். 1541இல் உருவாகி, வய்யதோலித் என்ற பெயரைப் பெற்ற ஊர். விடுதலைப் போராட்ட வீரர் மொரேலோஸின் நினைவாக 1828இல் பெயர் மாறியது. பேராலயத்தின் இரட்டைக் கோபுரத்தில் மஞ்சள் வெளிச்சம். பக்கத்துத் தூண் வரிசைக்குக் கீழே தள்ளுவண்டியில் ஒரு பெண் 'கொருண்டா' விற்றார். மக்காச்சோள மாவை அந்தச் செடியின் இலையில் முக்கோணமாகச் சுருட்டி ஆவியில் வேகவைத்தது. பனையோலைக் கொழுக்கட்டையைத் தின்று வளர்ந்த எனக்கு இலையைப் பிரிக்கும்போதே பாதிப் பசி ஆறிவிட்டது.

நாள் 5 – மொரேலியா

சினிபோலிஸ் என்ற பெயரை இந்தியாவில் மால்களுக்குப் போகிறவர்கள் பார்த்திருப்பார்கள். அந்த நிறுவனத்தின் தாயகம் இந்த ஊர்தான். அதன் தலைவர் அலெஹாந்த்ரோ ராமிரேஸ் இந்த விழாவை நிறுவியவர்களில் ஒருவர். போட்டிக் குறும்படங்கள் ஊர் நடுவிலிருக்கும் சினிபோலிஸ் அரங்குகளில் ஓடுகின்றன. இதை எழுதும்போதும் எனக்கு வியப்பு அடங்கவில்லை. வணிகப் படம் ஓடுகிற அதே பெரிய திரை, அதே ஒலி அமைப்பு. பன்னிரண்டு நிமிடப் படத்துக்கு இவ்வளவு மரியாதை.

இங்கே பரிசின் பெயர் 'ஓஹோ'. ஸ்பானிய மொழியில் கண் என்று பொருள். தமிழ்க் காதுக்கு அது பாராட்டாகவே கேட்கிறது. எலிசா மில்லரின் 'வேர் யோவெர்' கானுக்கு முன்பே இந்த விழாவில் பரிசு பெற்ற படம். இங்கே பரிசு பெறும் குறும்படம் ஆஸ்கர் போட்டிக்கு அனுப்பப்படும் தகுதியையும் பெறுகிறது. மொரேலியாவில் காட்டப்படும் குறும்படங்களில் சில கான் விழாவின்போது நடக்கும் 'விமர்சகர் வாரம்' என்ற பிரிவுக்கும் போகின்றன. கதவுகள் இப்படி ஒன்றுக்குப் பின் ஒன்றாகத் திறந்து வைக்கப்பட்டிருக்கின்றன.

வரிசையில் எனக்கு முன்னால் கழுத்தில் இயக்குநர் அட்டையோடு ஓர் இளம் பெண் நின்றிருந்தார். பேச்சுக் கொடுத்தேன். முதல் படம், நாளைக்குத் திரையிடல். விளம்பரப் படங்களில் ஒலிப்பதிவு உதவியாளராக வேலை. நான் எங்கிருந்து வருகிறேன் என்று சொன்னதும், "உங்கள் ஊரில் குறும்படம் பார்க்க மக்கள் வருவார்களா?" என்று கேட்டார். நாற்பது பேர் வருவார்கள் என்றேன். "நாற்பது பேர் போதும்" என்றார். எவ்வளவு தெளிவான மனம்.

மதியம் அவரோடும் அவருடைய ஒளிப்பதிவாளரோடும் 'கஸ்பாச்சோ' சாப்பிட்டேன். இந்த ஊரில் அது சூப் அல்ல. மாம்பழம், அன்னாசி, ஹீக்காமா கிழங்கு எல்லாவற்றையும் பொடியாக நறுக்கி, ஆரஞ்சுச் சாறும் மிளகாய்ப் பொடியும் பாலாடைக்கட்டியும் போட்டுத் தருவது. சாப்பிட்டுக்கொண்டே பணத்தைப் பற்றிப் பேசினோம். குறும்படத்துக்கு இங்கே மூன்று வழிகள். பள்ளி தயாரிக்கும், அல்லது 1983இல் தொடங்கிய அரசுத் திரைப்பட நிறுவனமான இம்சினே நடத்தும் திட்டப் போட்டியில் வென்று நிதி பெறலாம், இரண்டும் இல்லையென்றால் கைக்காசும் நண்பர்களும். அவருடையது மூன்றாவது வழி. இரண்டு முறை விண்ணப்பித்தும் கிடைக்கவில்லை.

2020 அக்டோபரில் மெக்சிகோ அரசு 109 அறக்கட்டளை நிதிகளைக் கலைத்தது. திரைப்படத்துக்கான பிதேசினே நிதியும் அதில் போனது. பெரிய இயக்குநர்களெல்லாம் எதிர்த்துக் குரல் கொடுத்தும் நிற்கவில்லை. வேறு உருவில் உதவித் திட்டங்கள் பின்னர் வந்தன என்றாலும், அன்றைய பயம் இன்றும் இவர்கள் பேச்சில் இருக்கிறது. ஒளிப்பதிவாளர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "மரத்தை வெட்டிவிட்டு விதை தருகிறார்கள்" என்றார்.

நாள் 6 – பதினொரு நிமிடம்

இன்று எழுத நிறைய இருக்கிறது.

அந்தப் பெண்ணின் படம் காலைக் காட்சியில் நான்காவது. அரங்கு முக்கால்வாசி நிறைந்திருந்தது. விளக்கு அணைந்தது. கறுப்புத் திரையில் முதலில் ஒலி மட்டும். கல்லோடு கல் உரசும் கரகரப்பு. எனக்கு உடனே தெரிந்துவிட்டது. மாவு மில்!

மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து ஊறவைத்து, அரைத்து, அந்த மாவில்தான் இவர்கள் தோர்த்தியா என்ற ரொட்டி சுடுகிறார்கள். ஒவ்வொரு தெருவிலும் அதற்கு ஒரு மில் இருக்கும். விடியற்காலை நாலு மணிக்கு அதைத் திறக்கும் ஒரு நடுவயதுப் பெண். அவளிடம் மாவு வாங்க வாளியோடு வரும் பெண்கள். ஒருநாள் மட்டும் ஒரு வாளி வரவில்லை. யாருடைய வாளி, ஏன் வரவில்லை என்று யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. மில்காரி இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கதவடியில் காத்திருக்கிறாள். பதினொரு நிமிடம் முடிந்தது.

என் அம்மா என்னை வாளியோடு அனுப்பிய மில் வாசலில் நான் நின்றுகொண்டிருந்தேன். கடல்கள் தாண்டி வந்து, இருட்டில், மொழி பாதி புரியாமல் கண் கலங்கினேன். வெட்கப்பட ஒன்றுமில்லை.

கேள்வி நேரத்தில் அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். இரண்டே இரவுகளில் எடுத்தார்களாம். ஐந்து மணிக்கு உண்மையான வாடிக்கையாளர்கள் வந்துவிடுவார்கள் என்பதால் அதற்குள் விளக்குகளைக் கழற்றியாக வேண்டும். வாளியோடு வருகிற பெண்களில் மூவர் அந்தத் தெருக்காரர்களே. கைதட்டல் நன்றாகவே இருந்தது.

வெளியே வந்ததும் பாராட்டப் போனேன். அவர் முகம் வாடியிருந்தது. "ஏழாவது நிமிடத்தில் கேட்டீர்களா?" என்றார். நான் எதையும் கவனிக்கவில்லை. இயந்திரம் நின்ற பிறகு வரும் மௌனத்தில், ஒரு ஷாட்டிலிருந்து அடுத்த ஷாட்டுக்குப் போகும்போது பின்னணி இரைச்சல் மாறிவிடுகிறதாம். மில் நின்ற பிறகு அந்த அறையின் வெறும் மௌனத்தைத் தனியாக ஒரு நிமிடம் பதிவு செய்திருக்க வேண்டும். ஒலிப்பதிவு வேலை பார்க்கிறவர், தன் படத்திலேயே அதை மறந்துவிட்டார், விடியப்போகிற பதற்றம். மடிக்கணினியில் தொகுத்தபோது லேசாக மட்டும் உறுத்திய பிழை இந்தப் பெரிய அரங்கில் இடிபோல் விழுந்திருக்கிறது.

எனக்குப் பேச்சு வரவில்லை. பிறகு கேட்டேன், இப்போது என்ன செய்வீர்கள் என்று. "தொகுத்த நாளிலிருந்து போகிற இடத்திலெல்லாம் ஒரு நிமிட மௌனம் பதிவு செய்கிறேன்" என்று கைப்பேசியைக் காட்டினார். மாடிப்படி, ஆஸ்பத்திரி வராந்தா, பாட்டி வீட்டு அடுக்களை, மழைக்குப் பிறகு பஸ் நிறுத்தம். இருநூறுக்கும் மேல் இருந்தன.

பெரிய திரை ஓர் இயக்குநருக்குச் செய்யும் உதவி என்ன என்று எனக்கு இன்று புரிந்தது. பாராட்டை எங்கும் பெறலாம். தன் பிழையைத் தன் காதாலேயே கேட்க இப்படியோர் அரங்கு வேண்டும். எங்கள் ஊரில் நாங்கள் திரையிடும் கூடத்தின் ஒலிபெருக்கிகளை நினைத்துப் பார்த்தேன். திரும்பியதும் முதல் வேலை அதை மாற்றுவது.

மாலையில் அவர் 'கொர்த்தோமெத்ராஹே' என்ற ஸ்பானியச் சொல்லுக்குத் தமிழில் என்ன என்று கேட்டார். குறும்படம் என்றேன். 'குறு' என்றால் குறைவா என்றார். குறுந்தொகையைப் பற்றிச் சொன்னேன்: சங்ககாலத்துத் தொகை நூல், நான்கு அடியிலிருந்து எட்டு அடிக்குள் அமைந்த பாடல்கள், நானூறுக்கு மேல். நீண்ட பாடல்களுக்குத் தனியாக நெடுந்தொகை என்றே ஒரு நூல் இருக்கிறது, அதைப் பாடியவர்களில் பலர் இதிலும் பாடியிருக்கிறார்கள் என்றும் சொன்னேன். அவர் நோட்டை நீட்டினார். தமிழில் எழுதிக் கொடுத்தேன். 'று' எழுத்தைத் தானே நான்கு முறை எழுதிப் பார்த்தார்.

நாள் 7 – பாட்ஸ்குவாரோ

விழாவின் சில காட்சிகள் பாட்ஸ்குவாரோ என்ற ஏரிக்கரை ஊரிலும் நடக்கின்றன. பழைய மடத்தின் இடத்தில் அமைந்த ஒரு திரையரங்கில்தான் அவை ஓடுகின்றன. எம்பெரதோர் கால்த்சோன்த்சின் என்பது அரங்கின் பெயர். பக்கத்து நூலகத்தில் ஹுவான் ஓ'கோர்மன் சுவர் முழுக்க வரைந்த, மிச்சோவாகான் என்ற இந்த மாநிலத்தின் வரலாறு. இங்குள்ள பழங்குடிகளான புரேபெச்சா மக்களின் வீழ்ச்சியும் எழுச்சியும் கூரைவரை ஏறுகின்றன. ஒரு மணி நேரம் அண்ணாந்து பார்த்து கழுத்து வலிக்கிறது.

ஏரிக்கரையில் உட்கார்ந்து எலிசா மில்லரின் ஆண்டுகளை எண்ணினேன். 2007இல் தங்கப் பனை. 2008இல் இன்னொரு குறும்படம். முதல் முழுநீளப் படம் 2010. அடுத்தது 2015. பெர்னாண்டா மெல்ச்சோரின் நாவலைத் தழுவிய 'தெம்போராதா தே உராகானேஸ்' 2023. உலகத்தின் மிகப் பெரிய குறும்பட விருதை வாங்கிய அடுத்த ஆண்டே மீண்டும் ஒரு குறும்படம். அதற்குப் பிறகும் ஒவ்வொரு படத்துக்கும் நடுவே நீண்ட ஆண்டுகள். விருது வாங்கினால் வாசல் தானாகத் திறந்துவிடும் என்று எண்ணி, திறக்காதபோது உடைந்துபோன எங்கள் ஊர்த் தம்பி ஒருவனுக்கு இந்த ஆண்டுக் கணக்கை அப்படியே எழுதி அனுப்பியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.

நாள் 8 – மொரேலியா பஸ் நிலையம், அதிகாலை

நேற்றிரவு பரிசுகள் அறிவித்தார்கள். மாவு மில் படம் எடுத்த அந்தப் பெண்ணுக்குக் கிடைக்கவில்லை. பரிசு பெற்ற படம் தகுதியானது. அவரே எழுந்து நின்று கைதட்டினார்.

இன்று ஐந்து மணிக்கு இருவருக்கும் பஸ், வேறு வேறு திசையில். நாளைக் காலை அவருக்கு ஒரு பிஸ்கட் விளம்பரப் படப்பிடிப்பு. ஹார்டு டிஸ்க்கைக் கம்பளித் தொப்பிக்குள் சுருட்டிப் பையின் நடுவில் வைத்திருந்தார். நிலையத்துக்கு வெளியே ஒரு பாட்டி, கொருண்டாபோல இலையில் சுற்றி வேகவைத்த தமால் விற்றுக்கொண்டிருந்தார். பெரிய பானை, மேலே துணி, துணிக்கு மேல் மூடி. ஆவி மூடியைத் தூக்கித் தூக்கிப் போட்டது.

இரண்டு வாங்கினோம். நான் இலையைப் பிரிக்கப் போனேன். அவர் கை காட்டி நிறுத்தினார். பாட்டியிடம் ஏதோ கேட்டார். பாட்டி சிரித்துவிட்டு, காசு எண்ணுவதை நிறுத்திக் கைகளை மடியில் வைத்துக்கொண்டார். கைப்பேசியைப் பானைக்கு அருகில் நீட்டியபடி அவர் கண்களை மூடிக்கொண்டார். நாங்கள் மூவரும் அசையாமல் நின்றோம். மூடி தடதடத்தது. தூரத்தில் ஒரு பஸ் கிளம்பியது. நாற்பது வினாடி ஆகியிருக்கும், எனக்கு இருமல் வந்தது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை.

அவர் கண்ணைத் திறக்காமலேயே, பதிவை நிறுத்தாமலேயே, இன்னொரு விரலை உயர்த்தினார். மறுபடியும் முதலிலிருந்து ஒரு நிமிடம்.